நால்வர் மீது ஒரே வழக்கு: கூட்டு விசாரணையா, தனி விசாரணையா?

பட்டர்வொர்த்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சட்டம் அறிந்தவர்களும் நீதிமன்ற அனுபவம் உள்ளவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

என் அக்காளின் மகனுக்குப் பதினேழு வயது. ஒரு மளிகைக் கடையில் நடந்த கும்பல் கொள்ளையில் அவனையும் மூன்று பெரியவர்களையும் சேர்த்துக் குற்றஞ்சாட்டியிருக்கிறார்கள். அவன் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தான் என்பதுதான் அவன் மீதான புகார். அந்த மூவரில் இருவர் மீது, இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் நடந்த இன்னொரு கொள்ளைக்கும் வழக்கு உண்டு. மூன்றாமவர் மூன்று வாரங்களுக்குப் பிறகு பிடிபட்டபோது அவருடைய சட்டைப் பையில் போதைப்பொருள் இருந்ததாம், அதற்கும் தனிக் குற்றச்சாட்டு. கடந்த மென்ஷனின்போது (விசாரணைக்கு முன் வழக்கை நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளும் நாள்), எல்லாவற்றையும் ஒன்றாகவே விசாரிக்கப் போவதாக அரசுத் தரப்பில் கூறினார்கள். அக்காள் அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. "என் பிள்ளை செய்யாத காரியத்துக்கெல்லாம் அவனும் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்படிச் சேர்ப்பதற்குச் சட்டத்தில் எல்லை உண்டா?

கோலாலம்பூர் வழக்குரைஞர் எழுதியது:

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள். கடையின் பெயர், நாள், பையனின் பள்ளி ஆகிய எதையும் இங்கே எழுதாதீர்கள். வழக்கில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதை 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் தடை செய்கிறது, அது குடும்பத்தாருக்கும் பொருந்தும்.

உங்கள் அக்காளின் கேள்வி சட்டத்தின் அடிப்படையையே தொடுகிறது. நம் மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆவது பிரிவு, ஒவ்வொரு தனிக் குற்றத்துக்கும் தனிக் குற்றச்சாட்டு வேண்டும் என்றும், ஒவ்வொரு குற்றச்சாட்டும் தனியாகவே விசாரிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. அதுதான் விதி. சேர்த்து விசாரிப்பது விதிவிலக்கு. நீதிமன்ற வளாகத்தில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சேர்க்க விரும்புகிறவர்தான் எந்த விதிவிலக்கின் கீழ் சேர்க்கிறார் என்று காட்ட வேண்டுமே ஒழிய, பிரிக்கக் கேட்பவர் சலுகை கேட்பவர் அல்லர்.

உங்களுக்குத் தேவையான விதிவிலக்குகள் மூன்று. 164ஆவது பிரிவின்படி, ஒருவர் பன்னிரண்டு மாதங்களுக்குள் செய்ததாகக் கூறப்படும் ஒரே வகையான குற்றங்களில் மூன்று வரை ஒரே விசாரணையில் சேர்க்கலாம். 165ஆவது பிரிவின்படி, ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒரே நிகழ்வாக அமைந்த செயல்களிலிருந்து எழும் குற்றங்களைச் சேர்க்கலாம், இங்கே எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. 170ஆவது பிரிவு ஆட்களைப் பற்றியது. ஒரே குற்றத்துக்கோ ஒரே நிகழ்வில் செய்யப்பட்ட வெவ்வேறு குற்றங்களுக்கோ குற்றஞ்சாட்டப்பட்டவர்களை, நீதிமன்றம் தகுந்ததெனக் கருதும் விதத்தில் சேர்த்தோ தனித்தனியாகவோ விசாரிக்கலாம்.

உங்கள் வழக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். மளிகைக் கடைக் கொள்ளைக்காக நால்வரையும் சேர்ப்பதற்கு 170ஆவது பிரிவு இடங்கொடுக்கிறது. நம் தண்டனைச் சட்டத்தில் கும்பல் கொள்ளைக்கு இருவர் இருந்தாலே போதும் (இந்தியாவில் ஐவர் வேண்டும்), 395ஆவது பிரிவின் கீழ் இருபது ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் உண்டு என்பதால் இது சாதாரணக் குற்றச்சாட்டு அன்று. ஆனால் இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில், உங்கள் பையன் இல்லாமல் நடந்த கொள்ளையை அவன் உட்கார்ந்திருக்கும் விசாரணையில் நுழைப்பது எப்படி? அந்த இருவரை மட்டும் பொறுத்தவரை 164ஆவது பிரிவைக் காட்டி இரண்டையும் சேர்க்கலாம். பையனை வைத்துக்கொண்டு சேர்க்க வேண்டுமென்றால், இரண்டு கொள்ளைகளும் ஒரே நிகழ்வு என்று காட்டியாக வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒருவரின் சட்டைப் பையில் கிடைத்த பொருளுக்கோ இந்தக் கொள்ளையோடு எந்த ஒட்டும் இல்லை, அதைக் கட்டாயம் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

'ஒரே நிகழ்வு' என்பதற்கு, 1979இல் ஜெயராமன் எதிர் அரசுத் தரப்பு வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறிய அளவுகோல்களையே இன்றும் வாதாடுகிறோம்: கால நெருக்கம், இட நெருக்கம், செயலின் தொடர்ச்சி, நோக்கத்தின் ஒருமை. கால நெருக்கம் மட்டும் இருந்துவிட்டால் போதாது. ஒரே நாளில் நடந்த இரு செயல்களுக்கு இடையே தொடர்பே இல்லாமலும் போகலாம், பல மாதங்கள் நீண்ட ஒரு மோசடி ஒரே நிகழ்வாகவும் இருக்கலாம்.

சட்டக்கல்லூரி மாணவி எழுதியது:

அண்ணன், ஓர் ஐயம். இந்த விதிகளெல்லாம் ஜூரி முறை இருந்த காலத்துக்கு உரியவை அல்லவா? சட்டப் பயிற்சி இல்லாத சாதாரண மக்கள், மூன்று குற்றங்களை ஒன்றாகக் கேட்டால் "இத்தனை புகாரா, இவன் ஏதோ செய்திருப்பான்" என்று நினைத்துவிடக்கூடும் என்ற அச்சம் அங்கே நியாயமானது. மலேசியாவில் 1995ஆம் ஆண்டிலேயே ஜூரி முறை ஒழிந்துவிட்டது. நீதிபதி ஒருவரே சாட்சியங்களைப் பிரித்து எடை போடுகிறார். அப்படியிருக்கச் சேர்த்து விசாரிப்பதால் பாதகம் ஏற்படும் என்ற வாதத்துக்கு இங்கே எவ்வளவு வலு இருக்கும்?

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், பினாங்கு, எழுதியது:

மகளுடைய கேள்விக்கு வழக்குரைஞர் தம்பி சட்டப்படி பதில் சொல்லட்டும். நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். லெபோ லைட்டிலும் வடக்கே உள்ள வேறு நீதிமன்றங்களிலும் நெடுங்காலம் தமிழ், மலாய் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான்.

ஒரு வழக்கில் நால்வர் கூண்டில் இருந்தார்கள். காலையில் நாசி லெமாக் விற்கும் ஒரு மூதாட்டி சாட்சி சொன்னார். "அவங்க வந்தாங்க, அவங்கதான் சட்டையப் பிடிச்சு இழுத்தாங்க" என்றார். நான் 'மெரேக்கா' என்று மலாயில் சொன்னேன். அதாவது 'அவர்கள்', பலர். நீதிபதி குறிப்பெழுதினார், வழக்குரைஞர்கள் எழுதினார்கள், யாருக்கும் எந்த ஐயமும் எழவில்லை. அடுத்த கேள்விக்குப் பதிலாக அந்த அம்மா, "அவங்க அம்மாவ எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்" என்றார். அப்போதும் நான் விழிக்கவில்லை. மதிய இடைவேளையில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. நால்வருக்கும் ஒரே தாய் இல்லையே! அந்த அம்மா பேசியது ஒரே ஆளைப் பற்றி. தன் சட்டையைப் பிடித்தவனைக்கூட மரியாதையாக 'அவங்க' என்று சொல்லும் தலைமுறை அது. பேச்சுத் தமிழில் 'அவங்க' என்பது மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும் என்பது நமக்குத் தெரியும். மலாயில் அந்த இரட்டைப் பொருள் இல்லை.

இடைவேளை முடிந்தவுடன் எழுந்து நீதிபதியிடம் சொன்னேன். சாட்சியை மீண்டும் அழைத்து, "ஒருவரா, பலரா?" என்று கேட்டார்கள். "ஒருத்தர்தாங்க, அதோ அந்த ஓரத்துல இருக்கிறவங்க" என்று விரலை நீட்டினார். குறிப்பு திருத்தப்பட்டது.

கூண்டில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் நான் 'மெரேக்கா' என்று சொல்லியிருக்கவே மாட்டேன். நால்வரை ஒரு வரிசையில் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்ததால்தான் பன்மை தானாக வாயில் வந்தது. நான் பயிற்சி பெற்றவன், யாருக்கும் கெடுதல் நினைத்தவனும் அல்லன். கூட்டு விசாரணையில் ஆபத்து இப்படித்தான் நுழைகிறது, மகளே. ஜூரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண்ணுக்கு முன்னால் ஒன்றாக உட்கார்ந்திருப்பவர்களை மனம் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறது.

கோலாலம்பூர் வழக்குரைஞர் எழுதியது:

ஐயா, இருபது ஆண்டுகளாக இந்த வாதத்தை நான் பிரிவு எண்களைக் கொண்டே வைத்து வந்திருக்கிறேன். இனி உங்கள் 'அவங்க'வையும் சேர்த்துக்கொள்வேன்.

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். நீதிபதி தகாத சாட்சியத்தை மனத்திலிருந்து விலக்கிவிடுவார் என்பதை ஒரு வாதமாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சட்டமே "எடுத்துக்கொள்ளலாம்" என்று அனுமதித்த சாட்சியத்தை அவர் ஏன் விலக்க வேண்டும்? 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 30ஆவது பிரிவைப் பாருங்கள். ஒரே குற்றத்துக்காகக் கூட்டாக விசாரிக்கப்படுகிறவர்களில் ஒருவர், தம்மையும் மற்றவரையும் பாதிக்கும்படி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நிரூபிக்கப்பட்டால், நீதிமன்றம் அதை மற்றவருக்கு எதிராகவும் கருத்தில் கொள்ளலாம். விசாரணை தனியாக நடந்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஆக, சேர்ப்பதா பிரிப்பதா என்பதைப் பொறுத்து சாட்சியத்தின் எல்லையே மாறுகிறது.

அந்தப் பிரிவுக்கு நீதிமன்றங்கள் கடிவாளம் போட்டிருக்கின்றன. ஹெர்சுன் சிங் வழக்கில் (1969) நம் நீதிமன்றம், உடன் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாக்குமூலத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற சாட்சியங்கள் தாமாகவே குற்றத்தை நிலைநாட்டப் போதுமா என்று பார்க்க வேண்டும், போதுமென்றால்தான் மனத் துணிவுக்குக் கூடுதல் துணையாக அதை எடுக்கலாம் என்ற வழியைப் பின்பற்றியது. காவல் துறையிடம் கொடுக்கும் வாக்குமூலங்களை அரசுத் தரப்பு பயன்படுத்துவதற்கும் நடைமுறைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெருங்கட்டுப்பாடு வந்துவிட்டது. எனவே பழைய காலத்து அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனால் முற்றிலும் இல்லாமலும் போகவில்லை.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. கூட்டு விசாரணையில் ஒருவர் கூண்டில் ஏறி, "நான் செய்யவில்லை, இவன்தான் செய்தான்" என்று மற்றவருக்கு எதிராகச் சாட்சியம் சொன்னால், அப்படிச் சொன்னவரின் பழைய தண்டனைகளைப் பற்றிய கேள்விகளுக்கு வழி திறந்துவிடும். சாதாரணமாக அந்தக் கேள்விகளுக்குச் சட்டம் தடை போடுகிறது. ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் எதிர்வாதங்களில் நால்வருமே சேதப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

செந்தூல் கடைக்காரர் எழுதியது:

மறுபக்கத்திலிருந்து ஒரு குரலும் இருக்கட்டும். என் கடையைக் கொள்ளையடித்த இருவரில் ஒருவன் உடனே பிடிபட்டான், மற்றவன் நெடுநாள் கழித்துப் பிடிபட்டான். ஆகவே விசாரணை இரண்டானது. கழுத்தில் பாராங் கத்தி வைக்கப்பட்ட அந்த இரவை நான் இரண்டு முறை, இரண்டு நீதிபதிகள் முன்னால், முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை போனபோது, முதல் விசாரணையின் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, "அன்று கறுப்புத் தலைக்கவசம் என்றீர்கள், இன்று கருநீலம் என்கிறீர்கள்" என்று முக்கால் மணி நேரம் கேட்டார்கள். பொய்யன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் வெளியே வந்தேன். கடையை அடைத்துவிட்டுப் போன நாட்களுக்குக் கணக்கே இல்லை.

பிரிக்கச் சொல்வது எளிது. சாட்சிக்கும் பாதிக்கப்பட்டவனுக்கும் அது இரட்டைச் சுமை.

கோலாலம்பூர் வழக்குரைஞர் எழுதியது:

அண்ணன் சொல்வது முழு உண்மை. நீதிமன்றங்கள் கூட்டு விசாரணையை விரும்புவதற்கு அதுவே முதற்காரணம். ஒரே சாட்சியத்தைக் கேட்ட இரு நீதிபதிகள் இருவேறு முடிவுக்கு வந்தால் நீதியின் மீதே நம்பிக்கை போய்விடும் என்பது அடுத்த காரணம். அதனால்தான் மளிகைக் கடைக் குற்றச்சாட்டிலிருந்து பையனைப் பிரிக்க முயல்வதைவிட, அதற்குச் சம்பந்தமில்லாத இரு குற்றச்சாட்டுகளை அந்த விசாரணையிலிருந்து வெளியேற்றுவதில் முழுக் கவனத்தையும் செலுத்துங்கள் என்கிறேன். அதனால் எந்தச் சாட்சியும் கூடுதலாக ஒரு நாள் வரவேண்டியதில்லை, ஏனென்றால் அந்தக் குற்றங்களுக்குச் சாட்சிகளே வேறு.

பட்டர்வொர்த்வாசி எழுதியது:

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். பெரிய வழக்குகளில் நாற்பது, ஐம்பது குற்றச்சாட்டுகளை ஒன்றாக விசாரித்ததைச் செய்தியில் படித்தோமே, மூன்று என்ற வரம்பு அங்கே எங்கே போயிற்று? பையனை முழுவதுமாகத் தனியே பிரித்துவிட்டால் அவனுக்கு நல்லதுதானே என்று அக்காள் கேட்கிறார்.

கோலாலம்பூர் வழக்குரைஞர் எழுதியது:

முதற்கேள்வி. அகமட் சாஹிட் ஹமிடி மீதான 47 குற்றச்சாட்டுகள் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் ஒரே விசாரணையில் நடந்தன. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் மீதான எஸ்ஆர்சி (அரசு நிறுவனம்) வழக்கின் 7 குற்றச்சாட்டுகள் ஒரு நீதிபதி முன்பும், 1எம்டிபி (அரசு முதலீட்டு நிறுவனம்) வழக்கின் 25 குற்றச்சாட்டுகள் வேறொரு நீதிபதி முன்பும் தனித்தனியாக நடந்தன. மூன்று என்ற வரம்பு 164ஆவது பிரிவுக்கு மட்டுமே உரியது. பணம் ஒரு வழியாக வந்து பல கணக்குகளில் ஓடிய கதை என்று அரசுத் தரப்பு வைக்கும்போது, அது 'ஒரே நிகழ்வு' என்ற அடிப்படையில் வாதிடப்படுகிறது.

அந்த வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதற்கான மூல வழக்கு நம் சென்னையிலிருந்து போனது. 1901ஆம் ஆண்டின் சுப்பிரமணிய ஐயர் வழக்கில், இரண்டு ஆண்டுகளில் பரவிய 41 செயல்களை ஒரே விசாரணையில் அடைத்திருந்தார்கள். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் திருத்தக்கூடிய குறைபாடாகக் கருதவில்லை, விசாரணையே சட்டவிரோதம் என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. நம் நடைமுறைச் சட்டம் அதே இந்தியச் சட்டத்தின் வழிவந்தது என்பதால் இங்கும் அந்தத் தீர்ப்பு நூறாண்டுகளாக வாதிடப்படுகிறது. (அந்த வரம்பை இந்தியாவின் புதிய நடைமுறைச் சட்டம் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தியிருக்கிறது.)

ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பி, "முதலில் விசாரணை முடியட்டும், பிறகு மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்வோம்" என்று யாரும் இருந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் நீதிமன்றங்கள் அதன் கடுமையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. நம் நடைமுறைச் சட்டத்தின் 422ஆவது பிரிவின்படி, குற்றச்சாட்டில் உள்ள குறைபாட்டால் நீதி தவறியது என்று காட்டினால்தான் தீர்ப்பு மாறும். மேல்முறையீட்டில் அமரும் நீதிபதியின் முதற்கேள்வி, "விசாரணை தொடங்கியபோது ஏன் வாய் திறக்கவில்லை?" என்பதாகத்தான் இருக்கும். மேலும், 1938இல் பாபுலால் சொக்கானி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னதுபோல், சேர்த்தது சரியா என்பதை அரசுத் தரப்பு தொடக்கத்தில் வைத்த குற்றச்சாட்டைக் கொண்டே முடிவு செய்வார்கள், விசாரணையின் விளைவைக் கொண்டு அல்ல. எனவே எதிர்ப்பைப் பதிவு செய்யும் நேரம் தொடக்கம்தான்.

இரண்டாம் கேள்விக்கு அக்காளிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். தனியாகப் பிரிந்தால் எப்போதும் நல்லது என்பது உண்மையன்று. கூட்டு விசாரணையில் இருக்கும்வரை, சாதாரண வழக்குகளில் அரசுத் தரப்பு ஒரு குற்றஞ்சாட்டப்பட்டவரை மற்றவருக்கு எதிராகச் சாட்சியாக அழைக்க முடியாது. ஊழல் வழக்குகளில் மட்டும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 63ஆவது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. 1எம்டிபி தணிக்கை அறிக்கை வழக்கில் நஜிப்புடன் கூட்டாக விசாரிக்கப்பட்ட, அந்நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி அருள் கந்தா அப்படித்தான் அரசுத் தரப்புச் சாட்சியானார். 2023 மார்ச் மாதத்தில் இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். உங்கள் வழக்கு கொள்ளை வழக்கு. பையன் பிரிந்துவிட்டால், அந்த மூவரில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை பெற்று, மறுவாரமே பையனின் விசாரணையில் அரசுத் தரப்புச் சாட்சியாக வந்து நிற்கலாம். உடந்தையாளரின் சாட்சியத்தை எச்சரிக்கையோடுதான் நீதிமன்றம் எடுக்கும் என்றாலும், அப்படிப்பட்ட சாட்சியின் வாயிலிருந்து வரும் ஒரு வரி பையனின் வாழ்க்கையைத் திருப்பிவிடும்.

தண்டனையிலும் இதே போன்ற ஒரு விளைவு உண்டு. ஒரே விசாரணையில் பல குற்றங்களுக்குத் தண்டிக்கப்படுகிறவருக்கு மொத்தப் பிரம்படி 24ஐத் தாண்டக் கூடாது, இளங்குற்றவாளிக்கு 10. இந்த உச்சவரம்பு 'ஒரே விசாரணை'யோடு கட்டப்பட்டது. பல குற்றச்சாட்டுகள் உள்ள பெரியவர்களுக்குச் சேர்ந்திருப்பது அந்த வகையில் ஒரு பாதுகாப்பு.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பையனின் வயது கணக்கை மாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிறார் ஒருவர் பெரியவரோடு கூட்டாகக் குற்றஞ்சாட்டப்பட்டால், வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகாமல் வேறு நீதிமன்றத்தில் நடக்கும் என்று சிறார் சட்டத்தின் 83ஆவது பிரிவு கூறுகிறது. அந்த நீதிமன்றமும் அவனைப் பொறுத்தவரை சிறார் சட்டத்தின் அதிகாரங்களையே பயன்படுத்த வேண்டும், சமூக நல அதிகாரியின் நன்னடத்தை அறிக்கையும் உண்டு. ஆனால் சிறார் நீதிமன்றத்தின் மூடிய அறையும், நீதிபதிக்கு இருபுறமும் அமரும் இரு ஆலோசகர்களும் அங்கே கிடைப்பதில்லை. மரண தண்டனைக்குரிய குற்றங்களைத் தவிர மற்ற அனைத்தையும் சிறார் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பதால், அவனைப் பிரித்தால் அங்கே போக வழியுண்டு. ஒரு பக்கம் அந்த அறை, மறுபக்கம் உடந்தையாளர் சாட்சியாக வரும் ஆபத்து. இதை எடை போட, ஆவணங்களைப் பார்க்காமல் என்னால் முடியாது, உங்கள் வழக்குரைஞராலும் முடியாது.

சட்டக்கல்லூரி மாணவி எழுதியது:

ஆவணங்கள் என்றால் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவின்படி விசாரணைக்கு முன் அரசுத் தரப்பு கொடுக்க வேண்டியவைதானே, அண்ணன்?

கோலாலம்பூர் வழக்குரைஞர் எழுதியது:

ஆமாம், தங்கை. முதல் தகவல் அறிக்கை, அரசுத் தரப்பு பயன்படுத்தப்போகும் ஆவணங்கள், எதிர்த்தரப்புக்குச் சாதகமான விவரங்கள் பற்றிய எழுத்து வடிவக் கூற்று. அவை கைக்கு வந்தவுடன் ஒவ்வொரு தாளிலும் பையனின் பெயர் வரும் இடங்களைக் கோடிட்டுப் பாருங்கள். ஒரு கூட்டு வழக்கில் இருநூறு பக்கங்களில் என் கட்சிக்காரரின் பெயர் ஏழு பக்கங்களில் மட்டுமே இருந்தது. அந்த ஏழு பக்கங்களை இணைத்துத்தான் பிரிவினை விண்ணப்பத்தை எழுதினேன்.

பட்டர்வொர்த்வாசி எழுதியது:

இன்று மாலை எங்கள் வழக்குரைஞரைப் பார்த்துவிட்டு வந்தேன். போதைப்பொருள் குற்றச்சாட்டையும் இரண்டாவது கொள்ளையையும் பையனின் விசாரணையிலிருந்து விலக்கக் கோரி, முதலில் அரசுத் தரப்புக்குக் கடிதம் எழுதுவதாகவும், மறுத்தால் அடுத்த தேதியில் நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பதாகவும் கூறினார். முழுவதுமாகப் பிரிப்பதை ஆவணங்கள் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்றார். அக்காளிடம் 'அவங்க' கதையைச் சொன்னேன். முதன்முறையாக அவர் ஒரு கேள்வி கேட்டார்: விசாரணையில் நடப்பது மலாயில் இருந்தால் பையனுக்குப் புரியும், தனக்குப் புரியாதே, யாரிடம் கேட்பது என்று.

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், பினாங்கு, எழுதியது:

தம்பி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காகவும் சாட்சிக்காகவும் இருப்பவர், பார்வையாளருக்கு மொழிபெயர்க்க அவருக்கு நேரம் கிடைக்காது. நால்வர் உள்ள வழக்கில் அவருக்கு மூச்சுவிடவும் நேரம் இருக்காது. அக்காளுக்குப் பக்கத்தில் மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள், இடைவேளையில் வெளியே வந்து சொல்லட்டும்.

தமிழில் பேசக்கூடிய சாட்சி யாராவது இருந்தால், அடுத்த மென்ஷன் தேதியிலேயே உங்கள் வழக்குரைஞரை நீதிமன்றத்தில் சொல்லச் சொல்லுங்கள். விசாரணை நாள் காலையில் சொன்னால் அவசரத்தில் யாரையாவது அனுப்புவார்கள். அந்தச் சாட்சி 'அவங்க' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எழுந்து, "ஒருவரா, பலரா, யார் என்று காட்டுங்கள்" என்று கேட்கும்படி வழக்குரைஞரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.